இறப்பிற் செருகிய இலை

(நயினாதீவின் பழங்கதைகளைக் குறித்துச் சைவாசிரியர்முன் நிகழ்த்திய பிரசங்கம்)

சிவமயம்



ஆனி மாதத்து மகோற்சவ காலத்திலே, நயினாதீவில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ நாகபூஷணி அம்மையைத் தரிசிக்கும்பொருட்டு, மாணாக்கர் சிலரை உடன்கொண்டு குறிகட்டுவான் துறையிலே படகேறினேன். சோளகக் காற்று மிகுந்த நாள். அலைநீர் படகின் விளிம்பைத் தாண்டித் தெறித்தது. பிள்ளைகள் சிரித்தும் அஞ்சியும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டிருந்தனர். அவர்களுள் எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் என் பக்கத்தில் வந்திருந்து, தாழ்ந்த குரலிலே ஒரு வினாவை வினாவினான்.

"ஐயா, பறங்கியர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்று, வேறு பெயர் தரித்து, ஞாயிற்றுக்கிழமையிலே அவர்கள் கோயிலுக்குப் போய், வீட்டிலே ஒளித்துச் சுவாமி கும்பிட்டார்கள் என்று வகுப்பிலே சொன்னீர்கள். அப்படியானால் அவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லவா?"

யான் விடை கூறவில்லை. படகின் இயந்திர ஓசை பெரிதாயிருந்தபடியால், கேளாதவன்போல இருந்துவிட்டேன். முப்பது வருஷம் பாடஞ் சொல்லிய ஒருவன் ஒரு சிறுவனுடைய வினாவுக்கு அஞ்சி ஓர் இயந்திரத்தின் பின்னே ஒளித்துக்கொண்டேன். அந்த வெட்கமே இன்று என்னை உங்கள் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது.

நயினாதீவு, நாலு சதுரக் கிலோமீற்றருக்குச் சற்று மிகுந்த பரப்புடையது. பனையும் முருகைக்கல்லும் உவர்நீர்க் கிணறும் அதன் செல்வம். புங்குடுதீவு வரையிலே தெருவுண்டு. அதற்கப்பால் இன்றும் கடலே தெரு. மணிமேகலைக் காப்பியத்திற் கூறப்படும் மணிபல்லவம் இதுவே என்று கொள்வார் பலர். அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயரிட்டிருப்பதும் அதுபற்றியே.

இத்தீவின் கதைகளுள் முதன்மையானதை உங்கள் மாணாக்கர் அறிவர். புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று பூவைக் கௌவிக்கொண்டு அம்மையைப் பூசிக்கக் கடலிலே நீந்தி வந்தது. கருடன் அதனைக் கொல்ல வந்தது. நாகம் கடலில் நின்ற கல்லொன்றைச் சுற்றிக்கொண்டது; கருடன் எதிரே மற்றொரு கல்லில் இருந்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் நாகத்துக்கு இரங்கிக் கருடனை வேண்டினான். "உன் பொருளெல்லாவற்றையும் அம்மைக்குக் கொடுப்பாயானால் இதனை விடுவேன்" என்றது கருடன். வணிகன் கொடுத்தான், நாகம் பிழைத்தது, கோயில் எழுந்தது. பாம்பு சுற்றிய கல்லையும் கருடன் கல்லையும் படகோட்டிகள் இன்றுங் காட்டுவர்.

யான் மிஷன் பாடசாலையிலே கற்றவன். எதற்குஞ் சான்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அது நல்ல பழக்கமே. ஆதலால் சான்றுள்ள ஒன்றையும் இக்கதையோடு சேர்த்துச் சொல்லுகிறேன். நயினாதீவிலே ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்று அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு அரசனுக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் ஆகும். வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதி அரசனுக்கும் செம்பாதி உடையவனுக்கும் ஆகும். கல்வெட்டை வெட்டுவித்தவன் சிங்கள அரசன், அதன் மொழி தமிழ், காக்கப்படுவோர் பிறதேசத்தார். கரையொதுங்கியவனுடைய பொருளை முழுதுங் கவராதே என்னும் நீதி இத்தீவின் கல்லிலே எழுதப்பட்டிருந்தது. கதையின் வணிகனையும் கல்லின் நீதியையும் மனத்தில் வைத்துக்கொண்டு, பின்பு வந்த வணிகரைப் பாருங்கள்.

1619ஆம் ஆண்டிலே பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாண அரசைப் பிடித்தான். சங்கிலி மன்னன் கோவைக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. நயினாதீவு அம்மன் கோயில் இடிபட்டது 1620ஆம் ஆண்டளவில் என்று கோயில் வரலாறு கூறும். இடிக்க வருகிறார்கள் என்று அறிந்தவர்கள் திருவுருவத்தை எடுத்து மரப்பொந்திலே மறைத்துக் காத்தனர் என்பது தீவாருடைய கர்ணபரம்பரை. ஊர்காவற்றுறைக்குக் காயிட்ஸ் என்னும் பெயரும் போர்த்துக்கீசர் இட்டதே. யானைகளை மரக்கலத்தில் ஏற்றிய துறைமேடையாதலால், அவர்கள் மொழியில் மேடை எனப் பொருள்படும் சொல்லே ஊருக்குப் பெயராயிற்று.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் அரசரல்லர், வியாபாரக் கம்பனியார். கணக்கெழுதும் மரபினர் ஆதலால், தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களையிட்டுப் பதிந்தனர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொற்றர்டாம், நயினாதீவு ஹார்லெம். இவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஒன்றுதான் வழக்கிலே நிலைத்தது. மற்றவை காகிதத்திலே பிறந்து காகிதத்திலே இறந்தன. ஹார்லெம் என்று நயினாதீவு மக்கள் ஒருநாளாவது தம் ஊரை அழைத்திருப்பரோ?

ஊருக்குச் செய்ததையே ஆளுக்குஞ் செய்தனர். இங்கேதான் ஆசிரியராகிய நாம் உற்று நோக்கவேண்டிய ஒருவர் வருகிறார். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒல்லாந்தர் ஒரு தேவாலயத்தையும், அதனோடு ஒரு பாடசாலையையும் வைத்திருந்தனர். அப்பாடசாலையின் உபாத்தியாயர் தமிழர். ஞானஸ்நானமும் விவாகமும் எழுதப்படும் பாடசாலைத் தோம்பு அவர் கையில் இருந்தது. கர்த்தருடைய செபத்தையும் பத்துக் கட்டளைகளையும் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விப்பது அவர் கடன். வராத பிள்ளையின் பெயரைக் குறித்து அறிவிப்பதும் அவர் கடன். வராமைக்குத் தண்டப்பணம் உண்டு. காலந்தோறும் பாதிரியார் வந்து பரீட்சிப்பர். தோம்பிலே பெயரில்லாதவனுக்கு உத்தியோகம் இல்லை. அவன் விவாகம் விவாகமாகக் கொள்ளப்படாது. பிள்ளைகளின் முதுசத்துக்கும் இடையூறு வரும்.

அந்த உபாத்தியாயரை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அவர் பெயர் ஒன்றும் நமக்கு வரவில்லை. பகலிலே தோம்பு விரித்து, இன்னான் மகன் இன்னானுக்கு இன்ன பெயர் இடப்பட்டது என்று எழுதுகிறார். அவர் எழுதிய குடும்பத்தார் அன்று இரவு பின்வளவிலே வைரவர் சூலத்துக்கு விளக்கு வைப்பதை அவர் அறிவார். அவர் வீட்டிலும் அதே விளக்கு எரிந்திருத்தல் கூடும். அறிந்ததை அறிவித்தால் அயலானுக்குத் தண்டம். 1711இல் ஒல்லாந்தர் வெளியிட்ட கட்டளை, ஞானஸ்நானம் பெற்றவர் பழைய சமயச் சடங்குகளிற் சேர்ந்தால் கசையடியும் சிறையும் என்று விதித்தது. அறிவியாதுவிட்டால் தாம் உண்ணும் சோற்றுக்குத் துரோகம். அவரை நாம் கோழை என்று சொல்லிவிடலாமா? நம்முள் எத்தனைபேர், மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்திலே ஒன்றை எழுதிவிட்டு வகுப்பிலே வேறொன்றை நடத்துகிறோம்! யான் அவரைப் பழிக்கமாட்டேன். என் கையில் மை இருக்கின்றது.

அக்காலத்துப் பாதிரிமாருள் பல்தேயுஸ் என்பவரை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணத்திலே சில வருஷம் இருந்து, 1672இல் ஒரு பெரிய புத்தகத்தை அம்ஸ்ரர்டாமில் அச்சிட்டார். ஊர்தோறும் இருந்த தேவாலயங்களைச் சித்திரமாக வரைந்து, பாடசாலைப் பிள்ளைகளின் தொகையையும் எழுதிவைத்தார். தமிழும் படித்தார். தொகை பெரிதாயிருந்தும் உள்ளம் மாறவில்லை என்பதை அவரே உணர்ந்து வருந்தினார். அந்நூல் இல்லையேல் நம் ஊர்களின் அக்காலத்து நிலையை நாம் அறிவதெங்ஙனம்? பகைவன் எழுதிய கணக்கேயாயினும், கணக்குக் கணக்குத்தான்.

என் பாட்டியார் விரத நாளிலே உண்டு முடித்த வாழையிலையை எறியமாட்டார். மடித்து, அடுக்களை இறப்பிலே செருகிவிடுவார். ஏனென்று கேட்டேன். "அது பறங்கிக்குப் பயந்த பழக்கம், மோனே" என்றார். வெளியே எறிந்தால் நாயும் காகமும் இழுக்கும். ஒற்றர் கண்டு, இவ்வீட்டிலே இன்று விரதம் என்று அறிந்துகொள்வர். ஆதலால் கூரையிலே ஒளித்தார்களாம். முந்நூறு வருஷத்துக்கு முன் போன பறங்கிக்கு அவர் அஞ்சவில்லை. பறங்கிக்கு அஞ்சிய தம் பாட்டியை மறவாதிருந்தார், அவ்வளவே. இவ்விலைக்கதையை நம் சரித்திரகாரரும் கூறியிருக்கின்றனர். பசுவைக் கொடுக்க மனமின்றித் திருநெல்வேலியை விட்டுச் சிதம்பரஞ் சென்ற ஞானப்பிரகாச முனிவரை எல்லோரும் பாராட்டுகிறோம். அது தக்கதே. ஆயினும் எல்லோருஞ் சிதம்பரம் போதல் இயலுமா? இரண்டு பரப்பு நிலமும் நாலு குழந்தையும் உடையவன் எங்கே போவான்? அவன் இலையைச் செருகினான்.

ஒளித்து வழிபட்டவர் சைவர் மாத்திரமல்லர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரையும் ஒறுத்தனர். கோவையிலிருந்து யோசேப்பு வாஸ் என்னும் குருவானவர் 1687இல் பிச்சைக்காரர் வேடத்திலே யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையிலே தங்கி, இரவிலே தம் மக்களுக்குப் பூசை செய்தார். 2015இல் அவர் அர்ச்சியசிட்டவராக உயர்த்தப்பட்டார். ஒரே காலத்தில், ஒரே அதிகாரிக்கு அஞ்சி, அடுத்தடுத்த வீட்டிலே விளக்கை மறைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் இகழ்தல் என்ன அறியாமை!

இனி அம்மாணாக்கனுடைய வினாவுக்கு வருவோம். முன்னோர் பொய் சொன்னார்களா? சொன்னார்கள். நன்மை பயக்கும் பொய்யைப் பற்றித் திருவள்ளுவர் கூறியதை எடுத்துக்காட்டித் தப்பித்துக்கொள்ளலாமென்று முதலிலே எண்ணினேன். ஆயின் நம் முன்னோர் சொன்ன பொய்யெல்லாம் அக்குறளுக்குள் அடங்காது. உயிருக்கு அஞ்சிச் சொன்னவருண்டு. பிள்ளைக்கு முதுசம் வேண்டிச் சொன்னவருண்டு. முதலியார்ப் பட்டத்துக்கும் வாளுக்கும் பதக்கத்துக்கும் ஆசைப்பட்டு, ஒருவரும் கேட்குமுன்னரே ஓடிப்போய்ச் சொன்னவருமுண்டு. மெய்யாகவே உள்ளம் உருகிக் கிறிஸ்து சமயத்தை ஏற்றவரும் இருந்தனர். அவரைப் பொய்யர் கணக்கிலே சேர்த்தல் நாம் சொல்லும் பொய்யாகும். எவர் எவ்வகையினர் என்று தோம்பு சொல்லாது. நல்லூர்க் கோயிலை 1734இல் மீள அமைத்த இரகுநாத மாப்பாண முதலியாரைப் பாருங்கள். அவர் ஒல்லாந்தர் கச்சேரியிலே சிறாப்பர். அவர் பெயருக்கு முன்னே டொன் ஜுவான் என்று எழுதப்பட்டிருக்கின்றது. பெயர் அவர்களுடையது, கட்டியது கந்தனுக்கு.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்துக் கட்டாயத்தை நீக்கினர். சில வருஷங்களுக்குள்ளே, தோம்பிலிருந்த கிறிஸ்தவர் பெரும்பாலும் காணாமற்போயினர். 1806இல் இங்கு வந்த புக்கானன் என்னும் பாதிரியார் பாழடைந்த தேவாலயங்களையே கண்டார். அவற்றின் சுவரிலே வேர்விட்ட ஆலமரத்தைக் கண்டு நாம் களித்தல் வேண்டா. கட்டாயத்தால் எழுந்த எதற்கும் நேர்வது அது.

இவ்வளவிலே நிறுத்தினால், கேட்க இனிமையாயிருக்கும். ஆயின் பாதிக் கதையாகும். நயினாதீவுக் கோயில் மீளக் கட்டப்பட்டது 1788ஆம் ஆண்டு. அப்பொழுதும் ஒல்லாந்தரே ஆண்டனர். எனினும் கம்பனி கடன்பட்டுத் தளர்ந்து, சமயக் கட்டளைகளை இறுக்குதற்கு வலியற்றிருந்தது. வைத்திலிங்கச் செட்டியார் வண்ணார்பண்ணையிலே சிவன் கோயிலைக் கட்டுவித்ததும் அக்காலத்திலேதான். நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக மூடியிருந்த வாயில் திறந்தது. தீவெங்கும் என்ன ஆரவாரம் எழுந்திருக்கும்! பொந்திலே மறைத்தவரின் ஐந்தாம் ஆறாம் தலைமுறையினர் கண்ணீர் சொரிந்திருப்பர்.

அவ்வாயிலின் உள்ளே புகுந்தவர் யார்?

இத்தீவுப் பகுதிகளிலே ஒல்லாந்தர் தேடிய பொருள்களுள் சாயவேரும் ஒன்று. மணலிலே படரும் சிறு செடி. அதன் வேர் துணிக்குச் செந்நிறம் ஊட்டும். வெயிலிலே குனிந்து மணலைக் கிளறி, முறியாமல் அவ்வேரை எடுத்துக் கம்பனிக்கு அளந்தவர்கள், நம் சமூகம் தாழ்த்தி வைத்திருந்த குடிமக்கள். கம்பனிக்கு ஊழியஞ் செய்த அவர்கள் நமக்கும் ஊழியஞ் செய்தனர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்த தேசவழமையிலே அடிமைகளைக் குறித்து ஒரு பகுதியே உண்டு. எம்மவர் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்து, ஆம், எங்கள் வழமை இதுவே என்று ஒப்பினர். எங்கள் சமயத்தை ஒல்லாந்தன் பறித்தபோது அழுத நாங்கள், எங்கள் அடிமையை அவன் ஏட்டிலே பதிந்து காத்தபோது நன்றி கூறினோம். 1844இல் அடிமைமுறையை நீக்கியதும் ஆங்கிலச் சட்டமேயன்றி நம் சபைகள் அல்ல.

பறங்கி போனான்; ஒல்லாந்தன் போனான்; வாயில் நம் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துப் பெருங்கோயில்கள் பலவற்றிலே, வேர் கிண்டியவனுடைய பிள்ளைகள் பின்னும் நூற்றறுபது வருஷத்துக்கு மேலாக வெளிவீதியிலே நின்றனர். பாடசாலைகளில் மாத்திரம் நாம் என்ன செய்தோம்? எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கிலே இருத்தவேண்டும் என்று 1929இல் அரசினர் கட்டளையிட்டபோது, சைவர் பலர் விண்ணப்பம் எழுதி எதிர்த்தனர். சம ஆசனங் கொடுத்த பாடசாலைகள் சில தீயிடப்பட்டன. தீயிட்டவர் நெற்றியிலே திருநீறு இருந்தது. 1957இல் சட்டம் வந்தது. அதன் பின்னும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலிலே, உள்ளே விடுங்கள் என்று சத்தியாக்கிரகம் இருக்கவேண்டியிருந்தது. கோவில் இடித்த ஒலிவேறாவின் ஆண்டு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்த ஆண்டுகளை எத்தனை வகுப்பிலே சொல்லிக்கொடுக்கிறோம்?

சாயவேர்க் கதையை யான் முதலிலே கேட்டது மிஷன் பாடசாலையிலே. எங்கள் சரித்திர உபாத்தியாயர் கிறிஸ்தவர். ஒல்லாந்தர் நம்மவரை வருத்திய முறையையெல்லாம் அவர் ஒன்றும் ஒளியாமற் கூறினார். தம் சமயத்தார் செய்ததென்று மெழுகிப் பூசவில்லை. அவர் வகுப்பிலே திருநீற்றோடு இருந்த பிள்ளைகள் நால்வர். எங்களுக்கு அவர்பால் வெறுப்புத் தோன்றவில்லை. மிகுந்த நம்பிக்கையே தோன்றிற்று. இவர் எதையும் மறையார், ஆதலால் இவர் சொல்வது மெய் என்று துணிந்தோம். அவருக்கு யான் பட்ட கடனை ஒரு சைவ வகுப்பிலேதான் தீர்க்க இயலும்.

அன்று கோயிலிலே தரிசனம் முடிந்தது. அமுதசுரபி மண்டபத்திலே பந்தியிருந்தோம். யார் எவர் என்று கேட்பாரில்லை. ஒரே வரிசை, ஒரே சோறு. மாலை திரும்பும் படகிலே, காற்றும் சற்றுத் தணிந்திருந்தது, அம்மாணாக்கனை அழைத்துப் பக்கத்தில் இருத்தினேன்.

"தம்பி, காலையில் நீ கேட்டது எனக்குக் கேட்டது. கேளாதவன்போல இருந்தது என் பிழை" என்றேன். பின்பு, உங்களுக்கு இப்பொழுது சொன்னவற்றுட் பெரும்பாலானவற்றை அவனுக்குச் சொன்னேன்: தோம்பு எழுதிய உபாத்தியாயரையும், இறப்பில் இலை செருகிய என் பாட்டியாரையும், டொன் ஜுவான் இரகுநாதரையும், 1788ஆம் ஆண்டையும். பொய் சொன்னார்கள், ஆனால் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்லவில்லை என்றேன். சாயவேரைப் பற்றி யான் சொல்லவில்லை. பிள்ளைக்கு அது பின்னொருநாளைக்கு ஆகட்டும் என்று எண்ணினேன்.

அவன் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குடும்பத்தார் எந்தத் தெருவிலே குடியிருப்பவர் என்பதை யான் அறிவேன், அவனும் அறிவான். குறிகட்டுவான் துறை தெரிந்தபோது திரும்பி, "ஐயா, திரும்பக் கட்டித் திறந்த அன்றைக்கு எங்கள் ஆட்களும் உள்ளே போனார்களா?" என்று கேட்டான்.

இயந்திரம் அப்பொழுதும் ஓசையிட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இல்லைத் தம்பி" என்றேன். "நாங்கள் விடவில்லை."